மேயரும் நான்கு பிளக்குகளும்

மாய்கே சந்தையில் வளர்ந்தவள். அவளுடைய அம்மா டெவென்டர் ஊரின் சனிக்கிழமைச் சந்தையில் துணிக்கடை போடுபவர். "ரெண்டு மீட்டர் இருக்கும்" என்று யாராவது துணியைத் தூக்கிக் காட்டினால் அந்த வீட்டில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். முதலில் அளவுகோல் வரும். அப்புறம்தான் பேச்சு. பத்து வயதுக்குள் மாய்கேவுக்கும் அந்தப் புத்தி நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

அதனால்தான் நூலகத்தில் அந்தப் பெட்டியைப் பார்த்ததும் அவள் கால் நகரவில்லை.

பெட்டிக்குள் நான்கு ஸ்மார்ட் பிளக்குகள். சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டில் இதைச் செருக வேண்டும். இதன்மேல் டிவியையோ இஸ்திரிப் பெட்டியையோ செருக வேண்டும். அது எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று கைபேசியில் எண் வந்துவிடும். புத்தகம்போல மூன்று வாரத்துக்கு இரவல்.

"காசு?" என்று கேட்டாள் மாய்கே.

"காசெல்லாம் இல்லை" என்றார் நூலகர்.

"கொஞ்சம்கூடவா?"

"திருப்பிக் குடுக்கும்போது நாலும் இருக்கணும். அவ்வளவுதான்."

அதற்குமேல் குறைத்துக் கேட்க வழி இல்லாததால், மாய்கே பெட்டியை வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

அடுத்த இரண்டு நாளும் அவள் வீட்டில் எதுவும் நிம்மதியாக ஓடவில்லை. கெட்டிலை அளந்தாள். தலைமுடி உலர்த்தியை அளந்தாள். பழைய கைபேசி ஒன்றை அம்மாவிடம் வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு, எண் ஏறும்போதெல்லாம் சத்தம் போட்டாள்.

"அம்மா, கெட்டில் ரெண்டாயிரம் வாட்! ஆனா பாவம், ரெண்டு நிமிஷம் கத்திட்டு அடங்கிடுது. சத்தமே போடாம நாள் முழுக்கத் தின்றவங்களைத்தான் கவனிக்கணும்னு பெட்டியோட வந்த குறிப்புப் புத்தகத்துல போட்டிருக்கு."

"அப்படியா."

"இப்ப இஸ்திரி! ரெண்டாயிரத்து இருநூறு! ரெண்டாயிரத்து முந்நூறு!"

"மாய்கே" என்றார் அம்மா, சட்டைக் காலரிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் இஸ்திரி போடறப்போ காதுகிட்ட நின்னு ஏலம் விடாதே. பக்கத்து வீட்டுக்குப் போ தாயே. அவங்களும் கொஞ்சம் அனுபவிக்கட்டும்."

பக்கத்து வீட்டில் யோரிஸ் இருந்தான். மாய்கேவின் வகுப்புத்தான். அவனுடைய அப்பா ஹார்ம், அதே சந்தையில் சீஸ் விற்பவர். அம்மா வேறு ஊரில் இருந்தார். மாதம் இரண்டு தடவை யோரிஸ் ரயிலேறி அங்கே போய் வருவான்.

அன்று யோரிஸ் கண்ணாடித் தொட்டியின் முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தொட்டிக்குள் உள்ளங்கை அளவு ஆமை ஒன்று விளக்கடியில் கல்மேல் கிடந்தது. அதன் பெயர் மேயர். நாள் முழுக்க உயரமான இடத்தில் உட்கார்ந்து, எல்லாரையும் பார்த்துக்கொண்டு, எதுவும் செய்யாமல் இருப்பதால் ஹார்ம் வைத்த பெயர்.

"இதை அளக்கலாமா?" என்றாள் மாய்கே.

"அளந்துக்கோ. ஞாயித்துக்கிழமை இவன் போயிடுவான்."

"எங்க போறான்?"

"ஆமைக் காப்பகத்துக்கு. கரன்ட் பில்லு ஏறிப்போச்சாம். எல்லாம் மேயராலதானாம்." யோரிஸ் மூக்கை உறிஞ்சினான். "அங்க இவனை மாதிரி எழுபது பேர் இருக்காங்களாம். இவன் பேரு யாருக்குத் தெரியும்?"

சமையலறையிலிருந்து ஹார்ம் வந்தார். ஆள் கதவளவு. குரல் சந்தையளவு. ஒரு ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர் போட்டிருந்தார். கையில் மின்சாரக் கடிதம்.

"நீயே சொல்லு மாய்கே. விளக்கு பகல் முழுக்க. ஹீட்டர் ராத்திரி முழுக்க. தண்ணி சுத்தம் பண்ற மோட்டார் எந்நேரமும். நான் இங்க குளிர்ல நடுங்கறேன். மேயர் வெயில் காயறார்!"

"அளந்து பாத்தீங்களா மாமா?"

"அளக்கறதென்ன? எரியறதுதான் கண்ணுக்குத் தெரியுதே!"

"உங்க கடைக்கு ஒருத்தர் வந்து, 'இந்தத் துண்டு ஒரு கிலோ இருக்கும், கண்ணுக்கே தெரியுது'ன்னு சொன்னா, தராசுல வைக்காமக் குடுப்பீங்களா?"

ஹார்ம் மின்சாரக் கடிதத்தை மடித்து ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டார்.

மாய்கே தன் கையை நீட்டினாள். அந்த ஊர்ச் சந்தையில் மாடு வாங்கியவர்கள் காலத்திலிருந்து பேரம் அப்படித்தான். ஒவ்வொரு விலை சொல்லும்போதும் ஒருவர் கையில் ஒருவர் தட்ட வேண்டும். கடைசித் தட்டு விழுந்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு மாறிப் பேசுகிற ஆளுக்குச் சந்தையில் புறாகூட மரியாதை கொடுக்காது.

"ரெண்டு வாரம் குடுங்க." தட்!

"ஒரு நாள்." தட்!

"பத்து நாள்." தட்!

"ரெண்டு நாள். நீ உங்கம்மாவைவிட மோசமா இருக்கியே!" தட்!

"ஞாயித்துக்கிழமை வரைக்கும்."

"மத்தியானம் பன்னெண்டு மணி. ஒரு மணிக்கு அங்க வரச் சொல்லியிருக்காங்க."

"சரி. ஆனா ஒண்ணு மாமா." மாய்கே கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "இந்த வீட்டுல யாரு அதிகமாத் தின்றாங்களோ, அவங்கதான் வெளிய போகணும். மேயர்னா மேயர். வேற ஏதாவதுன்னா அது."

"என் காபி மெஷினா இருந்தா?"

"காபி மெஷின் போகும்."

ஹார்ம் முகம் வெளுத்தது. ஆனால் யோரிஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் ஒரு பெருமூச்சு விட்டு, மாய்கேவின் கையில் பலமாகத் தட்டினார்.

பேரம் முடிந்தது. அன்று செவ்வாய்க்கிழமை.

நான்கு பிளக்குகளும் வேலைக்குப் போயின. ஒன்று மேயரின் விளக்கு, ஹீட்டர், மோட்டார் மூன்றும் சேர்கிற வயருக்கு. ஒன்று டிவிக்கு. ஒன்று காபி மெஷினுக்கு. ஒன்று சமையலறை ஃபிரிட்ஜுக்கு. மாய்கேவும் யோரிஸும் பள்ளி விட்டதும் ஓடி வந்து எண்களைப் பார்த்தார்கள். காபி மெஷின்தான் தோற்க வேண்டும் என்று யோரிஸ் வேண்டிக்கொண்டான். ஹார்மோ போகிற வருகிற போதெல்லாம் காபி மெஷினைத் தடவிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் கைபேசியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒரு நாள் கணக்கு இதுதான். காபி மெஷின் கால் யூனிட்கூட இல்லை. டிவி அரை யூனிட். ஃபிரிட்ஜ் முக்கால் யூனிட்.

மேயர் ஒன்றே கால் யூனிட்.

மேயர் கழுத்தை நீட்டி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"எண்ணு பேசிடுச்சு பிள்ளைங்களா" என்றார் ஹார்ம். ஜெயித்தவர் பேசுகிற குரலாக அது இல்லை. காபி மெஷினைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் மாடிக்குப் போய்விட்டார்.

யோரிஸ் மாய்கே பக்கம் திரும்பினான். அவன் காது இரண்டும் சிவந்திருந்தன.

"நீ சும்மா இருந்திருந்தா அப்பா மனசு மாறியிருப்பார்! இப்பப் பாரு. நாமளே அளந்து, நாமளே இவனைக் காட்டிக் குடுத்துட்டோம்."

மாய்கே கைபேசியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். ராத்திரிச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கைத் தட்டில் உருட்டிக்கொண்டே இருந்தாள். அம்மா கேட்டதற்கு, "ஒண்ணுமில்லை" என்றாள். அது அளக்காமல் சொன்ன பதில்.

சனிக்கிழமை காலை விழித்ததும் ஒரு யோசனை அவளைத் தட்டி எழுப்பியது. நான்கு பிளக்கில் நான்கு பொருளைத்தான் அளந்தோம். ஒரு வீட்டில் நான்கு பொருள்தானா இருக்கிறது?

பெரியவர்கள் எல்லாரும் சந்தைக்குப் போயிருந்தார்கள். அவள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். யோரிஸ் திறந்தான். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"உங்க வாசல் பக்கம் அலமாரிக்குள்ள மீட்டர் இருக்கில்ல?" என்றாள் மாய்கே. "இந்த நொடி மொத்த வீடும் எவ்வளவு இழுக்குதுன்னு அதுல தெரியும். வீட்டுல இருக்கறதெல்லாம் பிடுங்கிடுவோம். அது பூஜ்யத்துக்கு வருதான்னு பாப்போம்."

"வந்தா?"

"வந்தா நான் தோத்துட்டேன். உன்கிட்ட மன்னிப்பும் கேட்டுக்கறேன்."

யோரிஸ் கொஞ்சம் யோசித்தான். பிறகு டிவியின் வயரைப் பிடுங்கினான்.

இரண்டு பேரும் வீடு முழுக்கச் சுற்றினார்கள். விளக்குகள், ரேடியோ, சமையலறை ஃபிரிட்ஜ், சார்ஜர்கள், ஹார்ம் மாமாவின் மின்சாரப் பல்துலக்கி. கடைசியாக மேயரின் தொட்டி. "அஞ்சே நிமிஷம்டா" என்று அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்தினான் யோரிஸ். வீடு அவ்வளவு அமைதியாக இருந்து அவன் பார்த்ததே இல்லை.

மீட்டரைப் பார்த்தார்கள். நூற்று அறுபது வாட்.

"இன்னும் ஏதோ தின்னுது" என்று கிசுகிசுத்தாள் மாய்கே.

"பேயா?"

"பேய் எதுக்குடா கரன்ட் இழுக்கப்போகுது? ஏதோ ஒண்ணை விட்டுட்டோம்."

மறுபடி தேடினார்கள். கட்டிலடியில் பார்த்தார்கள். மாடி அறையில் பார்த்தார்கள். எங்கும் எதுவும் இல்லை. மேயருக்குக் குளிருமே என்று அவருடைய வயரைத் திரும்பச் செருகினான் யோரிஸ். மாய்கேவுக்கோ வேறு அவசரம் வந்துவிட்டது.

"இரு, வந்துடறேன்" என்று கழிவறைக்குள் ஓடினாள்.

கழிவறைச் சுவரில், அந்த ஊரில் எல்லார் வீட்டிலும் தொங்குவதுபோல, பிறந்தநாள் காலண்டர் தொங்கியது. அதில் வருஷமும் கிடையாது, கிழமையும் கிடையாது. ஒரு வீட்டுக்கு ஒரே காலண்டர் ஆயுசுக்கும் போதும். சொந்தக்காரர்கள், ரொம்ப வேண்டியவர்கள் பெயர்கள் மட்டும் அதில் ஏறும். தினம் உட்காருகிற இடம் என்பதால் யாருடைய பிறந்தநாளும் மறக்காது.

எந்த வீட்டுக்குப் போனாலும் மாய்கே தன் தேதியைப் புரட்டிப் பார்ப்பாள். ஜனவரி ஒன்பது. இந்த வீட்டுக்குள் நான்கு வருஷமாக வந்து போகிறாள். அந்த இடம் இன்றும் காலியாகத்தான் இருந்தது.

சரி என்று மற்ற தாள்களைப் புரட்டினாள். ஜூன் மாதத்தில் கை நின்றது. சீஸ் விலை எழுதுகிற தடித்த பேனாவால், கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது:

ஜூன் 14. ஹார்ம் (நானேதான்!). ரெண்டு நாள் முன்னாடியே கொட்டகை ஃபிரிட்ஜை ஆன் பண்ணணும்.

மாய்கே ஜூன் பதினைந்தைப் பார்த்தாள். ஜூலையைப் பார்த்தாள். ஆஃப் பண்ணச் சொல்லி எங்கேயும் ஒரு வரி இல்லை.

"யோரிஸ்!" கை கழுவிய ஈரத்தோடு வெளியே வந்தாள். "உங்க கொட்டகையில ஃபிரிட்ஜ் இருக்கா?"

"பழசு ஒண்ணு இருக்கும். அப்பா பிறந்தநாளுக்கு எல்லாரும் வட்டமா உக்காருவாங்கல்ல, அப்ப பீர் வைக்கறதுக்கு."

"இப்ப நவம்பர்."

யோரிஸ் அவளைப் பார்த்தான். அடுத்த நொடி இரண்டு பேரும் பின்வாசலில் ஓடினார்கள்.

சைக்கிள்களைத் தள்ளி, காலி சீஸ் பெட்டிகளை இறக்கி, ஒரு தார்ப்பாயை விலக்கினால், அங்கே அது நின்றுகொண்டு உறுமியது. கதவின் ரப்பர் கிழிந்து தொங்கியது. கதவைத் திறந்ததும் குகைபோலப் பனிக்கட்டி. நடுவில் ஒரு கடுகுச் சாஸ் பாட்டில். அதன் பக்கத்தில் கல்லாகிப்போன கேக் துண்டு ஒன்று. கேக்கின்மேல் எண் வடிவத்தில் ஒரு மெழுகுவர்த்தி குத்தியிருந்தது.

நாற்பத்தைந்து.

"உங்கப்பாவுக்கு இப்ப என்ன வயசு?" என்று கேட்டாள் மாய்கே.

"நாப்பத்தேழு" என்றான் யோரிஸ். அவன் குரல் கீச்சென்று வந்தது. "அதுக்கப்புறம் ரெண்டு பிறந்தநாளும் அத்தை வீட்டுலதான் நடந்தது!"

காபி மெஷினுக்கு அன்றோடு விடுதலை. அதனுடைய பிளக் கொட்டகைக்குப் போனது. அப்போது சனிக்கிழமை மணி பதினொன்று. ஹார்ம் கேட்டால் பதில் சொல்வது, கேட்காவிட்டால் நாளைவரை வாயைத் திறப்பதில்லை என்று இருவரும் முடிவு செய்தார்கள். ஹார்ம் கேட்கவில்லை. சந்தை முடிந்து வந்ததிலிருந்து தொட்டி இருந்த பக்கமே அவர் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹார்ம் ஒரு மரப்பெட்டியைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தார். மேயர் பயணத்துக்கு. அடியில் மெத்தென்று ஏதோ விரித்திருந்தது. யோரிஸ் எட்டிப் பார்த்தான். சந்தைக்குப் போகும்போது அப்பா கழுத்தில் சுற்றுகிற கம்பளித் துண்டு அது.

"மாமா, மணி பதினொண்ணரைதான் ஆகுது" என்றபடி மாய்கே உள்ளே வந்தாள். "பேரம் பன்னெண்டு வரைக்கும். கொஞ்சம் கொட்டகைக்கு வாங்க."

கொட்டகையில் அவள் கைபேசியை நீட்டினாள். "நேத்து பதினொண்ணுலேர்ந்து இன்னிக்குப் பதினொண்ணு வரைக்கும். மேயர் ஒண்ணே கால் யூனிட். இவரு கிட்டத்தட்ட நாலு."

ஹார்ம் எண்ணைப் பார்த்தார். ஃபிரிட்ஜைப் பார்த்தார். கதவைத் திறந்து கேக்கைப் பார்த்தார். மெழுகுவர்த்தியைப் பார்த்ததும் அவருடைய காதுகள் யோரிஸின் காதுகள்போலவே சிவந்தன.

"ரெண்டு வருஷமாவா?"

"ரெண்டு வருஷம் அஞ்சு மாசம்" என்றாள் மாய்கே. சந்தைக்காரி மகள் மிச்சத்தை விட மாட்டாள்.

"நான் ஸ்வெட்டர்மேல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு, ஒரு கடுகு பாட்டிலைக் குளிர வெச்சுக்கிட்டு இருந்திருக்கேன்!" ஹார்ம் தலையைச் சொறிந்தார். உடனே அவருக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டார். "ஆனா நல்ல ஃபிரிட்ஜ் பாரு. ரப்பர் மட்டும் மாத்தினா, ஒரு ஓரமா..."

யோரிஸ் தன் உள்ளங்கையை நீட்டிக் காட்டினான்.

"அப்பா. கை தட்டியாச்சு."

ஹார்ம் அந்தக் கையைப் பார்த்தார். குனிந்தார். ஃபிரிட்ஜின் வயரைப் பிடுங்கினார். உறுமல் ஒரு தரம் குலுங்கி, நின்றது.

ஒரு சீஸ் பெட்டிமேல் பொத்தென்று உட்கார்ந்து அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"காலையில நாலு மணிக்கு நான் சந்தைக்குக் கிளம்பறப்போ" என்றார், யாரையும் பார்க்காமல், "இந்த வீட்டுல முழிச்சிருக்கறது அந்த ஒரு ஆளுதான். கழுத்தை நீட்டிப் பார்ப்பான். 'போயிட்டு வரேன் மேயரே'ன்னு சொல்லிட்டுத்தான் கிளம்புவேன். இனிமே யார்கிட்டச் சொல்லுவேன்னு அஞ்சாறு நாளாத் தூக்கமே இல்லை."

"அப்ப ஏன்பா அனுப்பறேன்னீங்க?" என்றான் யோரிஸ்.

"கடிதம் வந்துதே. யாரையாவது குத்தம் சொல்லணும்ல? அவன்தான் திருப்பிப் பேச மாட்டான்."

யோரிஸ் அப்பாவின் முதுகில் தாவி ஏறினான். இரண்டு பேரும் பெட்டியோடு சாய்ந்தார்கள்.

எழுந்ததும் ஹார்ம் காப்பகத்துக்குப் போன் செய்தார். சந்தைக் குரல் பாதியாகக் குறைந்திருந்தது. "மன்னிச்சுக்கணும், மேயர் பதவியில தொடர்றார்" என்று சொன்னார். மறுமுனையில் என்ன நினைத்தார்களோ தெரியாது. மரப்பெட்டியிலிருந்து கம்பளித் துண்டை எடுத்து உதறித் தன் கழுத்தில் சுற்றிக்கொண்டார்.

பிறகு அடுப்பில் பட்டாணி சூப் ஏறியது. மாய்கே கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். யோரிஸ் தன் சூப்பிலிருந்த சாசேஜ் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவள் கிண்ணத்தில் போட்டான்.

"வெள்ளிக்கிழமை நான் சொன்னது..." என்று இழுத்தான்.

"அதை நான் அளந்து வைக்கலை, விடு" என்றாள் மாய்கே. சாசேஜை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

"சரி, உனக்கு நான் என்ன குடுக்கணும்?" என்றார் ஹார்ம். "ஒரு முழுச் சீஸ்?"

"ஒண்ணும் வேணாம் மாமா. நூலகத்துலயே சும்மாதான் குடுத்தாங்க."

"சும்மா வாங்கினா எனக்குச் செரிக்காது." ஹார்ம் மேசையை விரலால் தட்டினார். எங்கேயோ பார்த்துக்கொண்டு, "ஆமா, உனக்குப் பிறந்தநாள் எப்போ?" என்று கேட்டார்.

"ஜனவரி ஒம்பது."

"ம்." அவர் எழுந்தார். சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, சீஸ் விலை எழுதுகிற தடித்த பேனாவை எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் போனார். கழிவறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"பேனாவோட யாராவது கழிவறைக்குப் போவாங்களா?" என்றான் யோரிஸ்.

மாய்கே கிண்ணத்தின்மேல் குனிந்துகொண்டாள். அவளுக்குச் சூப் திடீரென்று ரொம்பச் சூடாக இருந்தது.

ஹார்ம் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காததுபோல ரொட்டி வெட்டினார். மாய்கே நூறுவரை எண்ணினாள். அவசரமாகக் கிளம்பினால் நன்றாக இருக்காதே. பிறகு, "இதோ வரேன்" என்று எழுந்து போனாள்.

முதல் தாளைப் புரட்டினாள். மை இன்னும் காயவில்லை.

ஜனவரி 9. மாய்கே. பானம் எல்லாம் கொல்லையில், பனியில். ஃபிரிட்ஜ் தேவையில்லை!

அவள் அதைப் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். விரலால் தொட்டுப் பார்த்தாள். விரல் நுனியில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது.

"உள்ளே எவ்வளவு நேரம்?" யோரிஸ் கதவைத் தட்டினான். "மீட்டர் ஓடுது!"

மாய்கே வெளியே வந்து, மறக்காமல் விளக்கை அணைத்தாள். பிறகு மறுபடியும் விளக்கைப் போட்டு, எட்டி ஒரு தடவை பார்த்துவிட்டு, அணைத்தாள்.